புத்தகம் பேசாத ஆறு

புத்தகத்தில் அந்த ஆறு, மாடு நடந்தபடி மூத்திரம் பெய்த தடம் போல வளைந்து வளைந்து போயிற்று. ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்ன மீன் படம் போட்டிருந்தார்கள். என் முன்னால் இருந்த ஆறோ அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மண் அணை. அணைக்கு அப்பால் பார்லி வயல். என் கையில் இருந்தது நூலகம் கழித்துவிட்ட பழைய பதிப்பு. அது அச்சாகிய பிறகு, வயலுக்கு நிலம் எடுப்பதற்காக ஸ்கியேர்ன் ஆற்றை நேராக்கிவிட்டார்கள். டிராக்டரை நிறுத்தி என்னை விசாரித்த ஒரு விவசாயி சொல்லித்தான் இது தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. அணையின் மேலாக நடந்தேன். இடது சப்பாத்தின் அடி பிளந்திருந்தது. அதற்குள் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றியிருந்தேன். அடுத்த ஆறு பன்னிரண்டு கிலோமீற்றர் என்று புத்தகத்தின் தரைப்படம் காட்டியது. அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைக்குள் ட்ரவுட் மீன் நிற்கும் ஒரு நல்ல ஆறு கண்டுபிடிக்காவிட்டால் நோர்வேக்குப் போகும் காரில் எனக்கு இடமில்லை.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில் எனக்கு அது முதல் கோடை. வதிவிட அனுமதி குளிர்காலத்திலேயே கிடைத்துவிட்டது. அதற்குமுன் கிழக்கு பெர்லின், அதற்குமுன் கப்பல்கள், அதற்கும் முன் கொழும்பு. கப்பலேறிய பிறகு எந்த இடத்திலும் நான் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவனில்லை. எஸ்பியர்க் என்ற துறைமுகப் பட்டினத்தில் ஓர் அறையில் என்னிலும் பத்து வயது மூத்த ஒருவருடன் இருந்தேன். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் காலையில் டேனிஷ் வகுப்புக்குப் போகவேண்டும் என்பது ஒழுங்கு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனை இருபத்தேழு வயதில் மறுபடியும் மேசைக்கு முன்னால் இருத்தினால் அவன் யன்னலைத்தான் பார்ப்பான். மே மாதம் முடிய வகுப்புக்குப் போவதையும் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். அங்கே சூடு இருந்தது. யாரும் என்னிடம் வினைச்சொல் கேட்கவில்லை.

நூலகத்தில்தான் அந்த இங்கிலாந்துக்காரரைக் கண்டேன். ஓய்வுபெற்ற கப்பல் பொறியியலாளர். ஒவ்வொரு வருடமும் கப்பலில் காரை ஏற்றிக்கொண்டு எஸ்பியர்க்குக்கு வந்து, இரண்டு கிழமை இங்கே மீன் பிடித்துவிட்டு, மிச்சக் கோடையை நோர்வேயில் கழிப்பவர். அன்று மீன்பிடி வழிகாட்டிப் புத்தகங்கள் நாலைந்தை மேசையில் பரப்பி, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். திறந்திருந்த பக்கத்தில் இறகாலும் நூலாலும் கட்டிய ஈயின் படம் இருந்தது. தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகப் பூட்டுகிற ஈ. எனக்கு அது பழக்கமான சாமான். கப்பலுக்குப் போகுமுன் இரண்டு வருடம் மலைநாட்டில் ஒரு விடுதியில் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டத்துத் துரைமாரும் அவர்களுக்குப் பின்வந்தவர்களும் ட்ரவுட் பிடிக்க வரும் இடம். அங்கே சமையலறை வேலையோடு, மீன்குஞ்சுத் தொட்டிகளைக் கழுவுவதும் சேவல் இறகில் ஈ கட்டுவதும் என் வேலை.

“இந்த வாலிலை இறகு கூடிப்போச்சு. தண்ணியிலை குடை மாதிரி நிக்கும்,” என்று சொன்னேன்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் அவர் சொன்னவை எல்லாம் எனக்கு எங்கள் பேச்சிலேயே ஞாபகம் இருக்கின்றன.

“நீ ஈ கட்டுவியோ?”

“கட்டுவன். சமைப்பன். நடப்பன்.”

“எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு,” என்றார். “காரை விட்டு இறங்கி அரை மைல் போகலாம், அவ்வளவுதான். ஆத்தைத் தேடி நடக்கேலாது. உனக்குக் கால் இருக்கு. எனக்குக் கார் இருக்கு. நான் வெளிக்கிடுற சனிக்கிழமைக்கு முதல் ஆட்கள் மிதிக்காத ஒரு நல்ல ட்ரவுட் ஆறு காட்டு. காட்டினால் நோர்வேக்கு என்னோடை வா. ஆகஸ்ட் முடியும்வரை. சமையல், சாமான் தூக்கிறது, எனக்கு முன்னாலை போய் ஆறு பாக்கிறது. சம்பளமும் தாறன்.”

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. ஆகஸ்ட் வரை ஒவ்வொரு கிழமையும் ஒரு புது ஆறு. வகுப்பில்லை, அறையில்லை. அவர் தன் பழைய தூண்டில் தடி ஒன்றையும் ஒரு சுற்றுத் தங்கூசி நூலையும் ஆறு ஈக்களையும் தந்தார். புத்தகங்கள் நான்கு. இரண்டு அவருடையவை, ஒன்று நூலகம் கழித்தது, ஒன்று சுற்றுலா அலுவலகத்தில் சும்மா கொடுத்தது.

புத்தகத்தைப் பார்த்து ஆறு தேடுவது நான் நினைத்த மாதிரி இல்லை. ஒவ்வொரு ஆற்றுக்கும் பெயர், எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம்வரை பிடிக்கலாம், அன்றைய அனுமதிச் சீட்டை எங்கே வாங்குவது என்று எழுதியிருக்கும். சீட்டு ஓரிடத்தில் பேக்கரியில் இருக்கும், இன்னோரிடத்தில் பெற்றோல் ஷெட்டில். கடைசியில் மீன் படம். மூன்று மீன் போட்டிருந்தால் மிக நல்லது, ஒன்று என்றால் பரவாயில்லை. நான் மூன்று மீன் போட்ட ஆறுகளுக்கு முதலில் போனேன். முதல் ஆற்றில், பாலத்தடியில் பதினொரு கார் நின்றது. கரையெல்லாம் ரப்பர் சப்பாத்துப் போட்ட ஆட்கள், இரண்டு மூன்று மொழியில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது ஆற்றிலும் அதே கதை. அங்கே ஒருவர் நான் வைத்திருந்த அதே புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து எனக்குக் காட்டினார். மூன்றாவதுதான் அந்த நேராக்கிய ஆறு.

செவ்வாய் பின்னேரம் அந்த அணையில் நடக்கும்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மலைநாட்டு விடுதியில் விருந்தினரைக் கூட்டிப்போகும் காவற்காரர் மீன் நிற்கும் எல்லா மடுவையும் காட்டுவார். ஒன்றைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். அங்கே அவர் தனக்கென்று போவார். புத்தகம் எழுதுகிறவனும் மீன் பிடிக்கிறவன்தானே? அவனும் தன் நல்ல ஆற்றை மறைப்பான். அப்படியென்றால் பார்க்க வேண்டியது புத்தகம் புகழும் ஆறுகளை அல்ல, அது பேசாமல் விட்ட ஆறுகளை. வழியில் ஒரு பஸ் தரிப்பில் உட்கார்ந்து நான்கு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் இருந்தும் ஒரு மீனும் போடாத ஆறுகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். நான்கு புத்தகமும் வாயை மூடிக்கொண்ட சிற்றாறு ஒன்று இருந்தது. மூன்றில் பெயரே இல்லை. நாலாவதில் பெயரும் ஒரே வரியும். அந்த வரி கரையில் சவுக்குப் போன்ற ஊசியிலை மரங்கள் உண்டு என்றது. அதற்கு இரண்டு வட்டம் போட்டேன்.

புதன் காலை எஸ்பியர்க்குக்குத் திரும்பினேன், காய்ந்த காலுறைக்காக. அண்ணை இரவு வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுப் பருப்பு வைத்துக்கொண்டு நின்றார். எத்தனை தரம் குளித்தாலும் அவரிடமிருந்து மீன் மணம் போகாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

“எங்கையடா திரியிறாய்? வகுப்பிலையிருந்து ரெண்டு கடிதம் வந்து கிடக்கு.”

“ஆறு பாக்கப் போனனான் அண்ணை.”

“ஆறு பாக்க?” அவர் என் பையைக் கவிழ்த்தார். புத்தகங்கள் விழுந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினார். “மீன் பிடிக்கப் புத்தகமோ? எடேய், எங்கடை பக்கத்திலை புத்தகம் வாசிச்சு மீன் பிடிச்சவன் ஆர்? இஞ்சை பார், இந்த மீனுக்கு வரவேற்புப் பத்திரம் மாதிரியெல்லோ எழுதி வைச்சிருக்கிறாங்கள்.”

“அது ட்ரவுட் அண்ணை. வேறை விதமான மீன்.”

“என்ன விதம்? முள்ளில்லையோ?”

“முள்ளிருக்கு.”

“பிறகென்ன? எனக்குப் பக்டரியிலை மீன் தானாய் பெல்ட்டிலை வருது. நான் ஒரு ஆத்துக்கும் போகேல்லை. திங்கக்கிழமை உன்னைக் கூட்டிவாறன் எண்டு போர்மனிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். வகுப்பும் வேண்டாம் எண்டா வேலையாவது செய்.”

“நான் சனிக்கிழமை நோர்வேக்குப் போறன்.”

“ஆரோடை?”

“துரையோடை.”

“ஓம் ஓம். துரை தோளிலை தூக்கிக்கொண்டு போவார்.” சோற்றைப் போட்டார். “சாப்பிடு. போறதெண்டாலும் சாப்பிட்டிட்டுப் போ. அந்தச் சப்பாத்தைக் கழட்டி எறி, என்ரையைப் போடு.”

அவருடைய சப்பாத்து எனக்கு ஒரு அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டு அன்றே வெளிக்கிட்டேன். அவர் சொன்ன அந்த பெல்ட்டை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆட்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள், மீன்தான் போய்க்கொண்டிருக்கும்.

வியாழன் மத்தியானம் அந்தச் சிற்றாற்றை அடைந்தேன். ஒரு தாவலில் கடக்கக்கூடிய இடங்களும் இருந்தன. தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் தெளிவாக ஓடியது. கரையில் ஒரு வீடு. அங்கிருந்த கிழவரிடம் தூண்டில் தடியைக் காட்டி, வேலிக்கு இந்தப் பக்கம் பிடிக்கலாமா என்று என் அரைகுறை டேனிஷில் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு ஓம் என்றார். மேலே ஊசியிலைக் காடு ஆற்றை மூடியிருந்தது. அதற்கு முன்னால் முள்ளுக்கம்பி. காட்டுக்கு அப்பால் ஒரு மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குத் தண்ணீர் கொதித்தது. கொதித்தது என்றுதான் சொல்ல வேண்டும். கம்பிவேலியிலிருந்து கீழே வளைவுவரை நூறு அடிக்கு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கை நீட்டின. நான் ஈயை எறிந்த இரண்டாம் தடவையே ஒன்று பிடித்துக்கொண்டது. கையை நனைத்துவிட்டு அதைத் தூக்கினேன். உலர்ந்த கையால் பிடித்தால் மீனின் வழுவழுப்பு உரிந்துவிடும். விடுதியில் முதல் நாளே இதைத்தான் சொல்லித்தந்தார்கள். ஒன்றரைக் கிலோ இருக்கும். பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ரோஸ் நிறக் கோடு. மலைநாட்டில் துரைமார் படம் எடுத்துக்கொண்டு போன அதே மீன். எனக்குத் தெரிந்த ட்ரவுட் அதுதான், வேறு ட்ரவுட்டை நான் கையால் தொட்டதில்லை. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடந்தேன். நோர்வேயில் எத்தனை ஆறு இருக்கும் என்று யோசித்தேன்.

பக்கத்து ஊர்க் கடையிலிருந்து இங்கிலாந்துக்காரர் கூடாரம் போட்டிருந்த காம்பிங்குக்குப் போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே கார் வந்தது. அவர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

நாலு மணியாகும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் நோர்வேப் படத்தை விரித்து, எங்கே முதலில் நிற்போம், எங்கே கூடாரம் போடுவோம் என்று விரலால் காட்டினார். “நிற்பேன்” என்று சொல்லவில்லை, “நிற்போம்” என்றுதான் சொன்னார்.

நாலு மணிக்கு முதல் நாள் போலவே தண்ணீர் கொதித்தது. அவர் எழுந்து ஒரு எறிதான் எறிந்தார். மீன் விழுந்தது. கரைக்கு இழுத்து, நான் கையை நனைத்துவிட்டு அத்தாங்கு வலையில் ஏந்திக் கொடுத்த மீனைப் புரட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. அவர் மீனின் செட்டையைப் பெருவிரலால் தடவினார்.

“இதைப் பார்,” என்றார். செட்டைகள் தேய்ந்திருந்தன, சீமெந்தில் உரசிய துணி போல. வாலின் கீழ்முனை வட்டமாகிப் போயிருந்தது. “நேத்தும் நாலு மணிக்கோ எழும்பினது?”

“ஓம்.”

“சரியா நாலு மணிக்கு?”

“ஓம்.”

அவர் மேலே காட்டைப் பார்த்தார். “அந்த மோட்டர் என்னது?”

“தண்ணி இறைக்கினம்.”

“வா, பாப்பம்.”

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் காட்டைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் போனேன். காட்டுக்கு மறுபக்கத்தில் ஆற்றை மறித்து ஒரு பலகை அணை. அணையிலிருந்து தண்ணீரைத் திருப்பி, மண்ணில் வெட்டிய நீளமான குளங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் கறுப்பாக மீன். மரக்கட்டைச் சப்பாத்துப் போட்ட ஒரு அம்மா வாளியிலிருந்து பழுப்பு நிற உருண்டைத் தீனியை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தார். வீசிய இடமெல்லாம் தண்ணீர் கொதித்தது. மிஞ்சிய தீனி கடைசி வாய்க்கால் வழியாக ஆற்றில் கலந்து கீழே போய்க்கொண்டிருந்தது. அதைத் தின்னத்தான் என் மீன்கள் நாலு மணிக்கு எழும்பின.

இங்கிலாந்துக்காரர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“இதுகள் கோழி,” என்றார். “கூட்டுக்கை வளர்ந்த கோழி. இந்த நாட்டு ட்ரவுட்டுக்குச் சிவப்புப் பொட்டு இருக்கும், கோடு இருக்காது. உனக்கு அது தெரியேல்லை.”

“எங்கடை மலையிலை இதுதான் ட்ரவுட். துரைமார் இதைத்தான் பிடிச்சவை.”

“அதுகளும் தொட்டியிலை குஞ்சு பொரிச்சு ஆத்திலை விட்ட மீன்தானே?”

நானே தொட்டி கழுவியவன். தகர வாளியில் குஞ்சைச் சுமந்துபோய் ஓடையில் ஊற்றியவன்.

“உன்னிலை பிழை இல்லை. நல்லா நடந்திருக்கிறாய். ஆனா நோர்வேயிலை எனக்கு முன்னாலை போறவனுக்குக் கண் இருக்கவேணும். கால் மட்டும் காணாது.”

“சமைக்க மட்டும் வாறன்,” என்றேன். ஒருமுறைதான் கேட்டேன்.

“சமையல் நானே செய்வன்.”

இதற்குள் அந்தப் பண்ணைக்கார அம்மா வாளியை வைத்துவிட்டு எங்களிடம் வந்துவிட்டார். இங்கிலாந்துக்காரரின் அத்தாங்கில் மீன் இன்னும் கிடந்தது. அந்த அம்மா அதை ஒரு பார்வை பார்த்தார்.

“அது என்ரை மீன்,” என்றார் ஆங்கிலத்தில்.

“ஆத்திலை பிடிச்சது,” என்றேன் நான்.

“ஆத்திலை என்ரை மீன் எப்பிடி வரும்? கடைசி வாய்க்காலிலை இரும்புக் கம்பித் தட்டி இருக்கு.” பிறகு குரல் மாறியது. “ஒண்டுதானோ பிடிச்சனீங்கள்? இன்னும் நிக்குதோ?”

நிற்கிறது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். வேலியிலிருந்து வளைவுவரை என்று கையால் காட்டினேன். அவர் வாய்க்கால் பக்கம் வேகமாக நடந்தார். கம்பித் தட்டி தண்ணீருக்கு மேலே நேராகத்தான் நின்றது. அவர் ஒரு தடியால் குத்திப் பார்த்தார், தடி எங்கேயும் உள்ளே போகவில்லை. நான் அண்ணையின் சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினேன். நான் இறங்கும்போது இங்கிலாந்துக்காரர் அந்த அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சளவு தண்ணீர், ஜூன் மாதத்திலும் எலும்பைக் கடித்தது. காலால் தட்டியின் அடியைத் தடவிக்கொண்டே போனேன். நடுவில், சேற்றை ஒட்டிய இடத்தில், ஒரு கம்பி இல்லை. பக்கத்துக் கம்பியும் துருப்பிடித்து வளைந்திருந்தது. என் தலை போகுமளவுக்கு ஓட்டை.

“இஞ்சை இருக்கு,” என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் காட்டுக்கு அப்பால் இங்கிலாந்துக்காரரின் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. வாய்க்காலிலிருந்து ஏறி ஓடினால் பிடித்திருக்கலாம். ஆனால் என் கால் ஓட்டையில் இருந்தது. காலை எடுத்தால் இன்னும் மீன் போகும். பண்ணைக்கார அம்மா பலகை கொண்டுவர ஓடிப்போயிருந்தார். நான் அப்படியே நின்றேன்.

பலகையை அறைந்து முடிய ஏழு மணியாயிற்று. வெளிச்சம் நிறைய இருந்தது. அவர் எனக்குக் காய்ந்த காற்சட்டை ஒன்றும் கறுத்தப் பாணும் கோப்பியும் தந்தார். இங்கிலாந்துக்காரர் வேலிக் கம்பத்தில் என் பையைக் கொழுவிவிட்டுப் போயிருந்தார். உள்ளே நான்கு புத்தகமும் இருந்தன, அவருடைய இரண்டும் சேர்த்து.

“மீனைப் பிடிக்க முதல் கையை நனைச்சனீயாமே, போக முதல் உன்ரை ஆள் சொன்னார்,” என்றார் அந்த அம்மா. “எங்கை பழகினனீ?”

“மலையிலை. தொட்டி கழுவினனான்.”

“தொட்டி கழுவினவனுக்கு இஞ்சை வேலை இருக்கு. காலமை ஆறு மணி.”

தீனி மூட்டைகள் வைத்த கொட்டிலில் படுத்தேன். மூட்டை மெத்தையிலும் நல்லது, மணம்தான் தாங்கமுடியவில்லை. அண்ணையை நினைத்துச் சிரிப்பு வந்தது. மூன்று தரம் எழும்பி இருந்தேன். வீதிக்குப் போய்விடலாம் என்று ஒருமுறை பையையும் தோளில் போட்டேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை, அதனால் மறுபடியும் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இடுப்புவரை வரும் ரப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆற்றில் நின்றேன். வேலை, தப்பிப்போன மீனை வளைவிலிருந்து வலையால் மேலே துரத்திப் பிடித்து வாளியில் போட்டுக் குளத்துக்குக் கொண்டுபோவது. வலையின் ஒரு முனை என் கையில், மற்றது எதிர்க்கரையில் அந்த அம்மாவின் கையில்.

“எத்தனை நாளைக்கு நிப்பாய்?” என்று அக்கரையிலிருந்து கேட்டார்.

“மீன் எல்லாம் திரும்பி வருமட்டும்.”

“எத்தனை போனது எண்டு எனக்கே தெரியாது,” என்றார்.

நான் வலையின் ஈயக் குண்டு கோத்த கயிற்றைக் காலால் ஆற்றின் அடியோடு அழுத்திக்கொண்டு மேலே நடக்கத் தொடங்கினேன்.